மயக்க மருந்துக்கு அளவு சொன்ன ஜான் ஸ்நோ: இதய ஆபரேஷனுக்குப் போகும் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்திலிருந்து பைபாஸ் ஆபரேஷனுக்காக மதுரைக்கு வரும் குடும்பங்கள், சர்ஜன் யார் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் யார் என்று விசாரிப்பவர்கள் குறைவு. ஆனா பயம் என்னவோ அங்கதான் இருக்கும். அப்பாவுக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம், மயக்க ஊசி தாங்குமா? கண் முழிப்பாரா? முழிச்சா நம்மை அடையாளம் தெரியுமா?

நியாயமான பயம்தான். இந்தக் கேள்விக்கு சுமார் 175 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கணக்குப் போட்டுப் பதில் தேடினார். காலரா எப்படிப் பரவுது என்று கண்டுபிடித்தவராகப் பாடப்புத்தகங்களில் வரும் லண்டன் டாக்டர் ஜான் ஸ்நோதான் அவர். காலராவுக்காக உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவருக்குச் சோறு போட்ட தொழில் என்னவோ, மயக்க மருந்து கொடுப்பதுதான்.

நிலக்கரிக் கிடங்குத் தொழிலாளியின் மகன்

1813 மார்ச் 15 அன்று இங்கிலாந்தின் யார்க் நகரில் ஸ்நோ பிறந்தார். அப்பா நிலக்கரிக் கிடங்கில் கூலி வேலை பார்த்தவர். ஒன்பது பிள்ளைகளில் இவர் மூத்தவர். 14 வயதில் நியூகாசில் ஊரில் ஒரு சர்ஜனிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் டாக்டர் ஆவதற்கு அதுவும் ஒரு வழி.

அங்கே இருந்தபோதுதான், 1831-32 வாக்கில், பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் காலரா பரவியது. பதின்ம வயது தாண்டாத பையனை அங்கே அனுப்பிவைத்தார்கள். சுரங்கத்துக்குள்ளே கழிப்பறை கிடையாது. கை கழுவத் தண்ணீர் கிடையாது. கொண்டுபோன சாப்பாட்டை அதே கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். காலராவைப் பற்றிப் பின்னாளில் எழுதியபோது இந்த விவரங்களை மறக்காமல் சேர்த்தார்.

1836-இல் லண்டன் போனார். 1838-இல் சர்ஜனாகத் தகுதி பெற்றார், 1844-இல் எம்.டி. முடித்தார். சோஹோ பகுதியில் ஒரு சின்ன கிளினிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 17 வயதில் சைவத்துக்கு மாறியவர், குடிப்பழக்கத்துக்கு எதிராகப் பேசியவர். கூச்ச சுபாவம். பெரிய இடத்துப் பழக்கம் எதுவும் இல்லாததால் நோயாளிகள் கூட்டம் சேரவில்லை.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தி.

சிவகாசி வெயிலில் கொதிக்கும் திரவம்

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர், ஈதர் என்ற திரவத்தின் ஆவியை நோயாளியை முகரச் செய்து, வலியில்லாமல் ஆபரேஷன் நடத்த உதவினார். அதுவரை ஆபரேஷன் என்றால் நாலு பேர் பிடித்துக்கொள்ள, நோயாளி அலற, சர்ஜன் நிமிஷக் கணக்கில் வேலையை முடிக்க வேண்டும். டிசம்பரிலேயே ஈதர் லண்டனுக்கு வந்துவிட்டது.

ஆனால் ஒரு பிரச்சினை. சிலருக்கு உடனே மயக்கம் வந்தது; சிலருக்கு வரவே இல்லை; சிலர் பாதியில் எழுந்து திமிறினார்கள். ஈதரே சரியில்லை என்று பலரும் பேசத் தொடங்கினார்கள். ஸ்நோவுக்கு வேறு சந்தேகம். மருந்து அதேதான், உள்ளே போகும் அளவுதான் ஒவ்வொரு முறையும் மாறுது என்று நினைத்தார்.

காரணம் ரொம்ப எளிது. ஈதர் சீக்கிரம் ஆவியாகும். 10 டிகிரி செல்சியஸ் குளிரில், ஈதர் பாத்திரத்தைத் தொட்டு வரும் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஈதர் ஆவி இருக்க முடியும். 20 டிகிரியில் அது பாதிக்கும் மேலே போய்விடும். சுமார் 35 டிகிரியில் ஈதர் கொதிக்கவே ஆரம்பித்துவிடும். அதாவது, சித்திரை மாத மத்தியானம் சிவகாசியில் ஈதர் பாட்டிலைத் திறந்து வைத்தால் அடுப்பே தேவையில்லை. ஆக, ஒரே டாக்டர், ஒரே மருந்து. காலையில் ஒரு டோஸ், மத்தியானம் வேறு டோஸ். யாருக்கும் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

1847 ஜனவரியிலேயே, எந்த வெப்பநிலையில் காற்றில் எவ்வளவு ஈதர் இருக்கும் என்று ஒரு அட்டவணை போட்டார் ஸ்நோ. ஈதர் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, வெப்பநிலையை நிலையாக வைத்திருக்கும் கருவியையும் வடிவமைத்தார். அதே வருஷம் ஈதர் பற்றிப் புத்தகம் எழுதினார். மயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்துக்காட்டியது அந்தப் புத்தகம்: லேசான தலைசுற்றலில் தொடங்கி, மூச்சு நின்றுபோகும் அபாயம் வரை. கண்ணசைவு, மூச்சின் போக்கு, தசையின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்த்தே நோயாளி எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லலாம் என்றார்.

ஈதருக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆபரேஷன் நடந்த காலம் அது. பின்னாளில், 20-ஆம் நூற்றாண்டில், எரியும் மயக்க வாயுக்கள் புழங்கிய வரைக்கும் ஆபரேஷன் தியேட்டரின் தரை, செருப்பு, துணி எல்லாவற்றிலும் நிலைமின்சாரம் தேங்காமல் பார்த்துக்கொண்டார்கள். பட்டாசு ஆலையில் அறைக்குள் நுழையும் முன் உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை புரியும்.

15 வயதுச் சிறுமியின் மரணம்

1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற டாக்டர் குளோரோஃபார்மைப் பயன்படுத்திக் காட்டினார். நல்ல வாசனை, தீப்பிடிக்காது, நாலு சொட்டு கைக்குட்டையில் விட்டாலே போதும். ஈதரை ஓரங்கட்டிவிட்டு எல்லோரும் இதற்குத் தாவினார்கள்.

மூன்றே மாதம். 1848 ஜனவரி 28 அன்று, நியூகாசில் பக்கத்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமிக்குக் கால் நகத்தை எடுக்க குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். துணியில் ஒரு டீஸ்பூன் அளவு. சில நிமிஷங்களில் இறந்துவிட்டாள். நகத்தை எடுக்கப் போன இடத்தில் உயிர் போச்சு. குளோரோஃபார்மால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது.

அந்தப் பெண்ணுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று சிலர் ஒதுக்கினார்கள். மருந்தே விஷம் என்றார்கள் சிலர். ஸ்நோ விலங்குகளை வைத்துச் சோதனை செய்து பார்த்தார். சுவாசிக்கும் காற்றில் குளோரோஃபார்ம் ஆவி 5 சதவீதத்துக்குள் இருந்தால் மயக்கம் படிப்படியாக வருது, நிறுத்தினால் தெளியுது. 8, 10 சதவீதத்துக்குப் போனால் மூச்சு நிற்பதற்குக் காத்திராமல் இதயமே நின்றுவிடலாம். கைக்குட்டையில் மருந்தை ஊற்றி முகத்தில் வைக்கும்போது ஒரு இழுப்பில் எவ்வளவு உள்ளே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அபாயம் அங்கேதான் இருக்கு என்றார்.

மயக்க மருந்து இதயத்தை நேரடியாகத் தாக்கலாம், அதை முடிவு செய்வது காற்றில் இருக்கும் அளவு. இந்த ஒரு வரிதான் ஸ்நோ மருத்துவத்துக்குக் கொடுத்த சொத்து. இன்றைக்கு ஒவ்வொரு மயக்க மருந்துக் கருவியின் திரையிலும் ஓடும் சதவீதக் கணக்குக்குப் பின்னால் இருப்பது இந்த யோசனைதான்.

4,000 பேரின் குறிப்பேடு

அடுத்த பத்து வருஷம் லண்டனின் பெரிய சர்ஜன்கள் ஸ்நோவைத் தேடி வந்தார்கள். பல் பிடுங்குவதிலிருந்து கால் வெட்டுவது வரை, 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு குளோரோஃபார்ம் கொடுத்தார். ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதிவைத்தார்: வயது, உடல்நிலை, என்ன ஆபரேஷன், மயக்கம் எப்படி வந்தது, எழுந்தபின் வாந்தி இருந்ததா என்றெல்லாம். 1848 முதல் 1858 வரையிலான அந்தக் குறிப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. மயக்க மருந்து கொடுப்பதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்ட முதல் டாக்டர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

எல்லாமே வெற்றி என்று நினைத்துவிடக் கூடாது. குளோரோஃபார்மைவிடப் பாதுகாப்பான மருந்தைத் தேடி, 1856-இல் அமிலீன் என்ற புதிய திரவத்தை எடுத்தார். முதலில் விலங்குகளுக்கு, அப்புறம் நோயாளிகளுக்கு. 200-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார். 1857-இல் அவர் கையாலேயே இரண்டு நோயாளிகள் இறந்தார்கள். ஸ்நோ அதை மூடி மறைக்கவில்லை. நடந்ததை எழுதி வெளியிட்டார், அமிலீனைக் கைவிட்டார். எண்ணிக்கையை நம்பின மனுஷன், எண்ணிக்கை தனக்கு எதிராகச் சொன்னபோதும் கேட்டுக்கொண்டார்.

ராணிக்குக் கொடுத்த அளவு

1853 ஏப்ரல் 7 அன்று விக்டோரியா ராணிக்கு எட்டாவது பிரசவம். வலி குறைக்க ஸ்நோவை அழைத்தார்கள். கைக்குட்டையில் சில சொட்டு. ஒவ்வொரு வலி வரும்போதும் கொஞ்சம். 53 நிமிஷம். ராணி ஒரு கணம்கூட முழுசாக நினைவிழக்கவில்லை. 1857-இல் கடைசிப் பிரசவத்துக்கும் அவரே போனார்.

இதுல ஒரு பாடம் இருக்கு. ஆபரேஷன் மேஜையில் ஒருவருக்கு ஆழ்ந்த மயக்கம் வேண்டும். பிரசவத்தில் வலி குறைந்தால் போதும். ஒரே மருந்து, இரண்டு இலக்கு, இரண்டு அளவு. இன்றைக்கு ஐசியு-வில் செடேஷன் என்று சொல்லும் லேசான தூக்க நிலைக்கும், தியேட்டரில் கொடுக்கும் முழு மயக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட இதுதான்.

பம்பின் கைப்பிடி

1854 ஆகஸ்ட் கடைசியில் சோஹோவில் காலரா வெடித்தது. இறந்தவர்களின் வீடுகளைத் தேடிப் போய், எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு, பிராட் தெருவின் அடிபம்பில் போய் நின்றார் ஸ்நோ. அவர் எடுத்துச் சொன்னதன் பேரில் செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் அந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் இறந்துபோயிருந்தார்கள்; நோயும் தணியத் தொடங்கியிருந்தது. இந்தக் கதை பலருக்கும் தெரியும்.

அதிகம் பேசப்படாத விஷயம், அவர் மயக்க மருந்து வேலையும் காலரா வேலையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது. கெட்ட காற்றால் காலரா வருது என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். வாயுவும் ஆவியும் உடம்புக்குள் எப்படிப் போகும், என்ன செய்யும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஸ்நோவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. காற்றில் வந்த நோய் என்றால் நுரையீரல் அல்லவா முதலில் பாதிக்க வேண்டும்? வயிறு ஏன்? அந்தச் சந்தேகம்தான் அவரைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பியது.

45 வயதில் முடிந்த வாழ்க்கை

குளோரோஃபார்ம் பற்றிய பெரிய புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, 1858 ஜூன் 10 அன்று பக்கவாதம் தாக்கியது. ஜூன் 16 அன்று இறந்தார். வயது 45. தன் உடம்பிலேயே மயக்க மருந்துகளைச் சோதித்துப் பார்த்தவர் அவர். புத்தகத்தை நண்பர் ரிச்சர்ட்சன் முடித்து வெளியிட்டார். குளோரோஃபார்ம் மரணங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, எங்கே தவறு நடந்தது என்று அலசியது அந்தப் புத்தகம்.

லான்செட் மருத்துவ இதழ் அவர் மரணத்துக்கு ஒதுக்கியது சில வரிகள் மட்டுமே. காலரா பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 2013-இல், அவருடைய 200-ஆவது பிறந்த ஆண்டில், அதே லான்செட் பழைய இரங்கல் குறிப்பைத் திருத்தி வெளியிட்டது. 155 வருஷம் தாமதம்.

ஹைதராபாத்தில் தொடர்ந்த சண்டை

குளோரோஃபார்மில் முதலில் நிற்பது இதயமா, மூச்சா? ஸ்நோ போனபிறகும் இந்தச் சண்டை ஓயவில்லை. அது இந்தியாவுக்கும் வந்தது. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற டாக்டர், மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்கவே தேவையில்லை என்று உறுதியாக நம்பினார். நிஜாம் பணம் கொடுக்க, 1888-லும் 1889-லும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அங்கே உட்கார்ந்தன. நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனை செய்து, மூச்சுதான் முதலில் நிற்கும் என்று முடிவு சொன்னார்கள். பல பெண்கள் மருத்துவம் பயின்ற ஊர் அது. உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று பலரும் குறிப்பிடும் ரூபா பாய் ஃபர்தூன்ஜி அங்கே படித்து உருவானவர்.

1911-இல் குட்மன் லீவி என்ற ஆய்வாளர் இன்னொரு உண்மையைக் காட்டினார். பயத்தில் இருக்கும் நோயாளியின் உடம்பில் அட்ரினலின் எகிறும். அந்த நேரத்தில் குளோரோஃபார்ம் லேசாக மட்டும் ஏறியிருந்தால், இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். ஆக, அளவு கூடினாலும் ஆபத்து. பாதி மயக்கத்தில் விட்டாலும் ஆபத்து. இதயத்தையும் மூச்சையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். இன்றைக்குத் தியேட்டரில் ஈசிஜி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாம் ஒரே திரையில் ஓடுவதன் பின்னால் இப்படிப்பட்ட மரணங்கள் இருக்கின்றன.

இன்றைய இதய ஆபரேஷனில்...

1953 மே 6 அன்று அமெரிக்காவில் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதல் வெற்றிகரமான ஆபரேஷனைச் செய்தார். வேலூர் சி.எம்.சி.யில் 1961-இல் டாக்டர் என்.கோபிநாத்தின் குழு திறந்த இதய ஆபரேஷன் செய்தது. இதயத்தை நிறுத்தி ரிப்பேர் பார்க்கும் காலம் வந்த பிறகு, மயக்க மருந்தின் அளவு இன்னும் முக்கியமாகிவிட்டது.

ஆரம்பத்தில் இதயத்துக்குப் பாதுகாப்பு என்று மார்ஃபின் வகை மருந்துகளை நிறையக் கொடுத்தார்கள். நோயாளி ராத்திரி முழுக்க வெண்டிலேட்டரில் கிடக்க வேண்டியிருந்தது. 1990-களில் போக்கு மாறியது. தேவையான அளவு மட்டும் கொடு, சில மணி நேரத்தில் எழுப்பு, குழாயைச் சீக்கிரம் எடு என்ற முறை பரவியது. தூக்கத்தின் ஆழத்தை அளக்க இன்று ஐசியு-வில் ஒரு அளவுகோல் உண்டு: கடும் கலவரம் என்றால் கூட்டல் 4, எதற்கும் அசையாத நிலை என்றால் கழித்தல் 5, அமைதியாக விழித்திருந்தால் பூஜ்யம். முடிந்தவரை பூஜ்யத்தின் பக்கத்தில் வைத்திருப்பதே இலக்கு. ஸ்நோவின் ஐந்து படிகளுடைய பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம்.

இன்னும் தீராத பிரச்சினை, ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மனக்குழப்பம். டெலிரியம் என்பார்கள். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது, குழாயைப் பிடுங்குவார், இல்லாததைப் பார்த்ததாகச் சொல்வார். வட அமெரிக்காவில் 20 மையங்களில் கிட்டத்தட்ட 20,000 இதய ஆபரேஷன் நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஏழு பேரில் ஒருவருக்கு இந்தக் குழப்பம் வந்தது. மிடாஸோலம் போன்ற தூக்க மருந்துகளை ஆபரேஷனின்போது தவிர்த்தால் குறையுமா என்று பார்த்தார்கள், சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்தின் மேல் இருந்த பெரிய எதிர்பார்ப்பையும் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு தணித்துவிட்டது. ஒரு மருந்தை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. வயது, ஏற்கெனவே உள்ள ஞாபக மறதி, மது, தூக்கமின்மை, தொற்று எல்லாம் சேர்ந்து வருவது அது.

வீட்டார் என்ன செய்யலாம்?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து கேள்வி கேட்பார். அதைச் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். அவர் அளவு போடுவது உங்கள் பதிலை வைத்துத்தான்.

குடிப்பழக்கம் உண்டா, எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்க. இதை மானப் பிரச்சினையாகப் பார்த்து மறைக்கிறவர்கள் அதிகம். திடீரென்று மது நின்றுபோவதே ஐசியு-வில் குழப்பத்தைக் கொண்டுவரும். தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, பலத்த குறட்டை, முன்பு வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தால் வந்த பிரச்சினை, எல்லாவற்றையும் சொல்லுங்க. பட்டாசு, தீப்பெட்டி வேலையில் பல வருஷம் இருந்தவர் என்றால் இருமலும் மூச்சிளைப்பும் உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. சாப்பிடாமல் இருக்கச் சொன்ன நேரத்தில் ஒரு வாய் காப்பிகூட வேண்டாம்.

கண் முழித்தபிறகு அப்பா உளறினால் பதற வேண்டாம். பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். அனுமதி கிடைக்கும்போது கிட்டே போய்ப் பேர் சொல்லிப் பேசுங்க. கண்ணாடியையும், காது கேட்கும் கருவியையும் கொண்டுபோய்க் கொடுங்க. பகல், ராத்திரி, கிழமை எது என்று எடுத்துச் சொல்லுங்க. குழப்பம் கூடினால் நர்ஸிடம் உடனே சொல்லுங்க.

சிவகாசிப் பக்கத்தில் இந்தக் கணக்கு இதய ஆபரேஷனோடு முடிவதில்லை. வெடிவிபத்தில் வெந்தவர்களுக்குக் கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் வலி குறைப்பும் தூக்க மருந்தும் தேவைப்படும். மூச்சை அதிகம் அடக்காத கெட்டமின் போன்ற மருந்தை அப்போது பயன்படுத்துவார்கள். அது இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும் என்பதால் இதய நோயாளி என்றால் யோசித்துத்தான் கொடுப்பார்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே படித்து வரும் பிள்ளைகளில் மயக்கவியலைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்த வட்டாரத்துக்கு எவ்வளவு தேவை என்பதை வெடிவிபத்து வார்டுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் எல்லோரும் சர்ஜன் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து, மூச்சையும் துடிப்பையும் நிமிஷத்துக்கு நிமிஷம் எண்ணிக்கொண்டிருந்த இன்னொருவரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த முறை மயக்க மருந்து தேவைப்பட்டால், முதலில் தேட வேண்டியது அவர் எழுதிவைத்த குறிப்பைத்தான்.